விடுதிக் காப்பாளர் போட்ட கையெழுத்து: கருப்பைவாய்ப் புற்றுநோய் ஆய்வுகளும் நமது சம்மதமும்

2013 ஆகஸ்ட் 30 அன்று, சுகாதாரம் மற்றும் குடும்ப நலத்துக்கான நாடாளுமன்ற நிலைக்குழு தனது 72-ஆவது அறிக்கையைத் தாக்கல் செய்தது. அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் கம்மம் மாவட்டத்தில் பள்ளிச் சிறுமிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போடப்பட்ட திட்டத்தின் சம்மதப் படிவங்கள் பற்றிய ஒரு கணக்கு அந்த அறிக்கையில் இருக்கிறது. 9,543 படிவங்களில் 1,948 படிவங்கள் கைரேகையால் ஆனவை. 2,763 படிவங்களில் கையெழுத்திட்டவர்கள் விடுதிக் காப்பாளர்கள். பெற்றோர் ஊரில் இருக்க, அவர்களுடைய பிள்ளைகளின் உடலில் செலுத்தப்படும் ஊசிக்குக் காப்பாளர்கள் சம்மதம் தந்திருக்கிறார்கள்.

மருத்துவ மாணவர்களின் பாடக் குறிப்புகளில் மூன்று தலைப்புகள் தவறாமல் இருக்கும்: நோய், மருந்து, ஆய்வு முறை. தேர்வுக்கு இவை போதும். நமக்கு நான்காவதாக ஒரு தலைப்பும் வேண்டும்: அந்த ஆய்வு யாருடைய உடலில், யாருடைய சம்மதத்தோடு நடந்தது? கருப்பைவாய்ப் புற்றுநோய் என்ற ஒரே நோயை எடுத்துக்கொண்டு இந்த நான்கு தலைப்புகளையும் சேர்த்து வாசித்துப் பார்ப்போம். களத்தில் நிற்கும் தோழர்களுக்கும், மருத்துவமும் சட்டமும் பயிலும் நம் மாணவர்களுக்கும் இந்த வாசிப்பு இப்போது தேவைப்படுகிறது.

தடுக்கக்கூடிய நோய்

கருப்பைவாய்ப் புற்றுநோய் ஏறத்தாழ முழுமையாகத் தடுக்கக்கூடியது. மனித பாப்பிலோமா வைரஸ், அதாவது எச்.பி.வி., இதற்குக் காரணம். இந்த உண்மையை நிறுவிய ஜெர்மானிய அறிவியலர் ஹரால்ட் சுர் ஹாவ்சென் 2008-இல் நோபல் பரிசு பெற்றார். இந்த வைரஸில் பல வகைகள் உண்டு. அவற்றுள் 16, 18 ஆகிய இரு வகைகளே கருப்பைவாய்ப் புற்றுநோய்களில் சுமார் 70 விழுக்காட்டுக்குக் காரணமாகின்றன. உடலுறவின் வழியாகப் பரவும் இத்தொற்று பெரும்பாலான பெண்களின் உடலில் ஓரிரு ஆண்டுகளில் தானாகவே நீங்கிவிடும். நீங்காமல் தங்கிவிடும் சிலரிடம் அது செல்களை மெல்ல மாற்றிப் புற்றாக வளர, பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகின்றன.

அந்த நீண்ட இடைவெளிதான் உயிர் காக்கும் வாய்ப்பு. தொற்று ஏற்படும் முன்பே தடுப்பூசி போடலாம். தொற்று ஏற்பட்ட பின் செல்களின் மாற்றத்தைப் பரிசோதனையில் கண்டறிந்து, புற்றாகும் முன்பே அகற்றலாம். பாப் பரிசோதனை 1940-களிலிருந்து வழக்கத்தில் உள்ளது. கருப்பைவாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, வெண்மையாக மாறும் இடத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்லும் எளிய முறையும் உண்டு. பயிற்சி பெற்ற செவிலியரே அதைச் செய்துவிடலாம்.

இத்தனை வழிகள் இருந்தும் இந்தியாவில் ஆண்டுதோறும் 1.2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்கு இந்நோய் வருகிறது. 75,000-க்கும் மேற்பட்டோர் இறக்கின்றனர். ஏறத்தாழ ஏழு நிமிடத்துக்கு ஒரு பெண். 2019-21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 30 முதல் 49 வயதுள்ள பெண்களில் ஒருமுறையேனும் இப்பரிசோதனை செய்துகொண்டவர்கள் நாடு முழுவதும் 1.9 விழுக்காடு மட்டுமே. தமிழ்நாட்டில் அது 9.8 விழுக்காடு. நல்ல நிலை என்று சொல்லப்படும் இங்கேயே பத்தில் ஒன்பது பெண்கள் பரிசோதனையின் வாசலைப் பார்த்ததில்லை. அந்த ஒன்பதில் கூலி வேலையை ஒரு நாள் விட்டால் அடுப்பு எரியாது என்ற நிலையில் உள்ளவர்கள் யார், ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொட்டுப் பார்க்கவே தயங்கப்படுபவர்கள் யார் என்று நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஒப்பீடு ஏன் வேண்டும்?

ஒரு மருந்தோ பரிசோதனையோ பயன் தருகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? மருந்து உண்டவர் குணமடைந்தார் என்பது சான்றாகாது. உண்ணாமலிருந்தாலும் அவர் குணமடைந்திருக்கலாம். ஆகவே ஆய்வாளர்கள் மக்களை இரு குழுக்களாகப் பிரிக்கிறார்கள். ஒரு குழுவுக்குப் புதிய சிகிச்சை. மற்றொன்று ஒப்பீட்டுக் குழு. யார் எந்தக் குழு என்பதைக் குலுக்கல் முடிவு செய்கிறது. மருத்துவரின் விருப்பு வெறுப்பு நுழையாதிருக்கவும், வயது, வறுமை, உடல்நிலை முதலியன இரு பக்கமும் சமமாகப் பரவவும் இதுவே நம்பகமான வழி. பல ஆய்வுகளில் யாருக்கு எது தரப்படுகிறது என்பது நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாதபடி மறைக்கப்படும்.

புதிய மருந்துகள் நான்கு கட்டங்களைக் கடக்கின்றன. முதல் கட்டத்தில் சிலரிடம் பாதுகாப்பு சோதிக்கப்படுகிறது. இரண்டாவதில் நோயாளிகளிடம் அளவும் பயனும் பார்க்கப்படுகின்றன. மூன்றாவதில் பெரும் எண்ணிக்கையினரிடம் ஒப்பீடு நடக்கிறது. மருந்து விற்பனைக்கு வந்த பின் நடக்கும் கண்காணிப்பு நான்காவது கட்டம்.

இந்த முறையின் மீது நமக்குப் பகை இல்லை. பட்டறிவும் சாமியாரும் விளம்பரமும் சொல்வதையெல்லாம் மருந்தென்று நம்பி ஏமாறாமல் ஏழைகளைக் காப்பதும் இதே முறைதான். ஒப்பீட்டுக் குழுவில் வைக்கப்படுபவருக்கு என்ன தரப்படுகிறது என்பதில்தான் நமது கேள்வி தொடங்குகிறது. ஏற்கெனவே நிறுவப்பட்ட சிறந்த சிகிச்சை ஒன்று இருக்குமானால், புதியதை அதனோடுதான் ஒப்பிட வேண்டும் என்பது உலக மருத்துவச் சங்கத்தின் ஹெல்சின்கி பிரகடனம் கூறும் பொது விதி.

திண்டுக்கல் எழுப்பும் கேள்வி

2000-ஆம் ஆண்டில் திண்டுக்கல் மாவட்டத்தில் ஓர் ஆய்வு தொடங்கியது. 30 முதல் 59 வயதுள்ள பெண்கள் பஞ்சாயத்து வாரியாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு பகுதியினருக்கு அசிட்டிக் அமிலப் பரிசோதனை வழங்கப்பட்டது. ஒப்பீட்டுக் குழுவில் இருந்த சுமார் 31,000 பெண்களுக்கு அது வழங்கப்படவில்லை. அவர்கள் வழக்கமான கவனிப்பில் விடப்பட்டார்கள். 2007-இல் வெளியான முடிவுகள் தெளிவாக இருந்தன. பரிசோதனை வழங்கப்பட்ட குழுவில் இந்நோயால் ஏற்பட்ட மரணங்கள் 35 விழுக்காடு குறைந்தன. செவிலியர் கைகளால், குறைந்த செலவில், கிராமத்திலேயே உயிர் காக்க முடியும் என்று அந்த ஆய்வு நிறுவியது. அது பெரிய சாதனை. அதை நாம் குறைத்துப் பேசவில்லை.

அதே காலத்தில் மும்பையின் குடிசைப் பகுதிகளிலும் மராட்டியத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்திலும் இதுபோன்ற ஆய்வுகள் நடந்தன. மூன்றிலும் சேர்த்து 1,38,000-க்கும் மேற்பட்ட பெண்கள் பரிசோதனை வழங்கப்படாத குழுக்களில் இருந்தனர் என்றும், அவர்களில் 254 பேர் கருப்பைவாய்ப் புற்றுநோயால் இறந்தனர் என்றும் பின்னாளில் மருத்துவ அறநெறி விமர்சகர்கள் சுட்டிக்காட்டினார்கள். பாப் பரிசோதனை உயிர் காக்கும் என்பது உலகம் அரை நூற்றாண்டாக அறிந்த உண்மையாக இருக்கும்போது, எந்தப் பரிசோதனையும் அளிக்காத ஒரு குழுவை ஏன் வைத்தீர்கள் என்பது அவர்களின் கேள்வி.

ஆய்வாளர்களின் பதிலையும் கேட்க வேண்டும். அந்த மாவட்டங்களில் எந்தப் பரிசோதனைத் திட்டமும் நடைமுறையில் இல்லை. நாங்கள் யாரிடமிருந்தும் எதையும் பறிக்கவில்லை. பாப் பரிசோதனைக்கு வேண்டிய ஆய்வகங்களும் ஆட்களும் அங்கே இல்லை. எளிய முறை பயன் தருகிறது என்று காட்டினால்தான் அரசு அதை ஏற்கும் என்றார்கள்.

இந்தப் பதிலில் பொய் இல்லை. ஆனால் அதன் அடியில் உள்ள அனுமானத்தை நாம் கவனிக்க வேண்டும். ஒரு மக்கள் கூட்டத்துக்கு மருத்துவம் எட்டாமல் இருப்பது இயற்கையாக நேர்ந்த நிலை போல இங்கே எடுத்துக்கொள்ளப்படுகிறது. சாலை எந்தத் தெருவோடு நிற்கிறது, சுகாதார நிலையம் ஊருக்குள் கட்டப்படுகிறதா சேரிக்கு அருகில் கட்டப்படுகிறதா என்பதையெல்லாம் முடிவு செய்த சாதியும் அரசும் உருவாக்கிய இன்மை அது. அந்த இன்மையே பிறகு ஆய்வுக்கு ஏற்ற களமாகிறது. சிகிச்சை கிடைக்கும் பெண்களிடம் இப்படி ஒரு ஒப்பீட்டுக் குழுவை அமைக்கவே முடியாது. எந்த நெறிமுறைக் குழுவும் அதற்கு அனுமதி தராது. நமது பற்றாக்குறை நமக்கு எதிரான அநீதி. அதுவே மற்றவர்களின் ஆய்வுக்கு மூலப்பொருளும் ஆகிறது.

கம்மத்தில் நடந்தது

இப்போது தடுப்பூசிக்கு வருவோம். 2009 ஜூலையில் கம்மம் மாவட்டத்திலும், அடுத்து குஜராத்தின் வதோதரா மாவட்டத்திலும் 10 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போடப்பட்டது. பாத் என்ற அமெரிக்கத் தன்னார்வ அமைப்பு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடனும் மாநில அரசுகளுடனும் சேர்ந்து இதை நடத்தியது. நிதி பில் அண்ட் மெலிண்டா கேட்ஸ் அறக்கட்டளையுடையது. கம்மத்தில் மெர்க் நிறுவனத்தின் கார்டசில். வதோதராவில் கிளாக்ஸோ ஸ்மித்கிளைன் நிறுவனத்தின் செர்வாரிக்ஸ். இரு இடங்களிலும் சேர்த்து 20,000-க்கும் மேற்பட்ட சிறுமிகள். கம்மத்தில் பத்ராச்சலம் பகுதியின் ஆசிரமப் பள்ளிகளில் தங்கிப் படித்த பழங்குடிச் சிறுமிகள் பலர் அவர்களில் அடங்குவர்.

ஏழு சிறுமிகள் இறந்தார்கள்: கம்மத்தில் ஐவர், வதோதராவில் இருவர். பெண்கள் நல அமைப்புகள் குரல் எழுப்பியதும் 2010 ஏப்ரலில் ஒன்றிய அரசு திட்டத்தை நிறுத்தியது. அரசு அமைத்த விசாரணைக் குழு, நீரில் மூழ்குதல், பாம்புக்கடி, பூச்சிக்கொல்லி, மலேரியா போன்றவை மரணங்களுக்குக் காரணம் என்றும், தடுப்பூசியோடு தொடர்பு இருக்க வாய்ப்பில்லை என்றும் கூறியது. சம்மதம் பெற்றதில் குறைகள் இருந்ததை அதே குழுவும் ஒப்புக்கொண்டது. நாடாளுமன்ற நிலைக்குழு இன்னும் கடுமையாகப் பேசியது. பக்கவிளைவுகளைக் கண்காணிக்கும் ஏற்பாடு போதாது என்றது; இத்திட்டத்துக்குச் சூட்டப்பட்ட பெயரையும் ஏற்க மறுத்தது.

அந்தப் பெயரில்தான் சட்டச் சிக்கல் இருந்தது. தடுப்பூசி இந்தியாவில் ஏற்கெனவே உரிமம் பெற்றது. ஆகவே இது மருத்துவப் பரிசோதனை ஆகாது, செயல்விளக்கத் திட்டம் மட்டுமே என்று நடத்தியவர்கள் வாதிட்டார்கள். மனிதர்களிடம் நடக்கும் மருந்துப் பரிசோதனை என்றால் நெறிமுறைக் குழு, முறையான சம்மதம், பாதிப்புகளை உடனுக்குடன் அறிவித்தல் எனக் கடமைகள் வரிசையாக வரும். செயல்விளக்கம் என்றால் அவை தளர்ந்துவிடும். ஒரு சொல்லை மாற்றினால் ஒரு சிறுமியின் உரிமைகள் மாறிவிடுகின்றன. எந்தத் திட்டம் நம் தெருவுக்கு வந்தாலும் அதன் தலைப்பை முதலில் படிக்க வேண்டியது இதனால்தான்.

காப்பாளரின் கையெழுத்துக்கு மீண்டும் வருவோம். விடுதியில் உணவு, படுக்கை, விடுப்பு, மாற்றுச் சான்றிதழ் எல்லாம் காப்பாளர் கையில் இருக்கின்றன. அவரிடம் ஒரு பத்து வயதுச் சிறுமி முடியாது என்று சொல்ல இயலுமா? மறுக்க முடியாத இடத்தில் பெறப்படும் சம்மதத்துக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. 2008-இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒரு சிகிச்சைக்குத் தந்த சம்மதம் வேறொன்றுக்குப் பொருந்தாது என்றும், வயது வந்த பெண் மயக்கத்தில் இருக்கும்போது அவளுடைய தாய் தந்த சம்மதமும் செல்லாது என்றும் தீர்ப்பளித்தது. பெற்ற தாயின் சம்மதத்துக்கே வரம்பு வகுக்கும் சட்டம், காப்பாளரின் கையெழுத்தை எப்படி ஏற்கும்?

ஒரே ஊசி: நமக்குச் சேர வேண்டிய நன்றி

கதை இங்கே முடிந்திருந்தால் தடுப்பூசி வேண்டாம் என்று முழங்குவது எளிது. முடியவில்லை.

அதே 2009-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, இந்தியாவின் பல இடங்களில் வேறொரு ஆய்வைத் தொடங்கியிருந்தது. திண்டுக்கல் மாவட்டத்தின் அம்பிளிக்கையும் அவற்றுள் ஒன்று. இரண்டு ஊசிகள் போதுமா, மூன்று வேண்டுமா என்பது அதன் கேள்வி. கம்மம் சர்ச்சையால் இந்த ஆய்விலும் ஊசி போடுவது 2010 ஏப்ரலில் நிறுத்தப்பட்டது. அதற்குள் ஏறத்தாழ 17,700 சிறுமிகள் ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் 5,000 பேர் அளவில் ஒரே ஊசியோடு நின்றுபோனார்கள். ஆய்வாளர்கள் அவர்களைப் பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். ஒரே ஊசி பெற்றவர்களுக்கும் 16, 18 வகை வைரஸ் உடலில் நிலைப்பதிலிருந்து, இரண்டு, மூன்று ஊசி பெற்றவர்களுக்கு இணையான பாதுகாப்பு கிடைத்திருந்தது. 2021-இல் வெளியான இந்த முடிவும், கென்யாவில் நடந்த ஆய்வும் உள்ளிட்ட சான்றுகளின் அடிப்படையில், 9 முதல் 20 வயது வரையிலானவர்களுக்கு ஒரே ஊசி போதும் என்ற வழியை 2022 டிசம்பரில் உலகச் சுகாதார நிறுவனம் ஏற்றது. ஏழை நாடுகளின் செலவு இதனால் வெகுவாகக் குறைகிறது.

உலகத்தின் கோடிக்கணக்கான சிறுமிகளுக்கு ஒரே ஊசி போதும் என்ற அறிவு, பாதியில் நிறுத்தப்பட்ட ஒரு ஆய்வில் இருந்த இந்தியச் சிறுமிகளின் உடலிலிருந்து கிடைத்திருக்கிறது. தடுப்பூசி பயன் தருகிறது. கேட்காமல் போட்டதும் குற்றம். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. கம்மத்தில் உடைக்கப்பட்ட நம்பிக்கைக்கும் ஒரு விலை உண்டு. 2010-க்குப் பின் பத்தாண்டுகளுக்கும் மேலாக இத்தடுப்பூசி தேசியத் தடுப்பூசித் திட்டத்துக்குள் வரவில்லை. அந்த அவநம்பிக்கையும் அதற்கு ஒரு காரணம். அந்த ஆண்டுகளில் வசதி படைத்த வீட்டுப் பெண்கள் தனியார் மருத்துவமனைகளில் ஊசிக்குச் சில ஆயிரம் ரூபாய் கொடுத்துப் போட்டுக்கொண்டார்கள். நம் பெண்கள் காத்திருந்தார்கள். சம்மதம் கேட்காமல் செய்யப்பட்ட தவறின் சுமையும் சம்மதம் கேட்கப்படாதவர்கள் மீதே விழுந்தது.

சட்டம் இப்போது என்ன சொல்கிறது?

போராட்டங்கள் சட்டத்தை ஓரளவு நகர்த்தியிருக்கின்றன. இந்தூரைச் சேர்ந்த ஸ்வாஸ்திய அதிகார் மஞ்ச் 2012-இல் தொடுத்த பொதுநல வழக்கில், மருந்துப் பரிசோதனைகளை ஒன்றிய சுகாதாரச் செயலரின் நேரடிப் பொறுப்பில் கண்காணிக்குமாறு உச்ச நீதிமன்றம் 2013 ஜனவரியில் உத்தரவிட்டது. அதே மாதம் இழப்பீட்டு விதியும் வந்தது. இன்று நடைமுறையில் உள்ளவை 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனைகள் விதிகள். நாம் அறிந்திருக்க வேண்டியவை இவை:

1. பதிவு செய்யப்பட்ட நெறிமுறைக் குழுவின் ஒப்புதலின்றிப் பரிசோதனை நடத்தக் கூடாது. அக்குழுவில் குறைந்தது ஏழு பேர் இருக்க வேண்டும். ஒரு பெண், ஒரு சட்ட வல்லுநர், மருத்துவம் சாராத ஒரு பொதுநபர் ஆகியோர் கட்டாயம். பாதிப் பேர் அந்த நிறுவனத்துக்கு வெளியே இருந்து வர வேண்டும்.

2. பங்கேற்பவருக்குப் புரியும் மொழியில் தகவல் தாள் தர வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவரெனில், சார்பற்ற சாட்சி ஒருவர் உடனிருந்து கையெழுத்திட வேண்டும். புதிய மூலக்கூறு மருந்துகளின் பரிசோதனையில், எளிதில் பாதிப்புக்குள்ளாகும் நிலையில் உள்ளவர்களிடம் சம்மதம் பெறும் நிகழ்வை ஒலி-ஒளிப் பதிவு செய்ய வேண்டும்.

3. பரிசோதனையால் உடல்பாதிப்பு நேர்ந்தால் இலவச சிகிச்சை தர வேண்டும். மரணம் நேர்ந்தால் 8 லட்சம் ரூபாயை அடிப்படையாகக் கொண்டு, வயதும் நோய்நிலையும் சேர்த்துக் கணக்கிடப்படும் இழப்பீடு உண்டு. உத்தரவு கிடைத்த 30 நாட்களுக்குள் அதைச் செலுத்த வேண்டும்.

4. கடுமையான பாதிப்பு எதையும் ஆய்வு மருத்துவர் 24 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும்.

இழப்பீட்டு விதியில் ஒரு சொல் நம் கவனத்துக்குரியது. வழக்கமான சிகிச்சை கிடைக்கக்கூடியதாக இருந்தும் அதைத் தராமல் வெற்றுமருந்து தந்ததால் பாதிப்பு நேர்ந்தாலும் இழப்பீடு உண்டு என்கிறது விதி. எங்கே கிடைக்கக்கூடியதாக? மாநிலத் தலைநகரிலா, அந்தக் கிராமத்திலா? திண்டுக்கல்லில் எழுந்த அதே வாதம் இந்தச் சொல்லின் வழியாக மீண்டும் நுழைய முடியும். இதை நீதிமன்றங்களில் எதிர்கொள்வது நம் வழக்கறிஞர்களின் பணி.

கம்மம் சம்பவம் தொடர்பான கல்பனா மேத்தா வழக்கில் 2018 மே 9 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கைகளை நீதிமன்றங்களில் சான்றாக எடுத்துக்காட்டலாம் என்று தீர்ப்பளித்தது. அறிக்கையின் முடிவுகளை நீதிமன்றத்தில் எதிர்த்து வழக்காட முடியாது. ஆனால் அதில் பதிவான உண்மைகளைப் பயன்படுத்தலாம். காப்பாளர்களின் 2,763 கையெழுத்துகளை எண்ணிப் பதிவு செய்த அறிக்கையால், சமூக நீதி வழக்குகள் அனைத்துக்கும் ஒரு கதவு திறந்திருக்கிறது.

நாம் கேட்க வேண்டியவை

தமிழ்நாடு அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில், 14 வயதுச் சிறுமிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசியைப் படிப்படியாக வழங்குவதாக அறிவித்தது. இது பரிசோதனை இல்லை. பயன் நிறுவப்பட்ட பொது சுகாதாரத் திட்டம். இதை நாம் வரவேற்க வேண்டும். நம் பிள்ளைகள் யாரும் விடுபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நல விடுதிகளில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் முதல் வரிசையில் நிற்க வேண்டும்.

அதே நேரத்தில் அந்த விடுதிகளில் ஒரு பெற்றோர் கூட்டம் நடக்க வேண்டும். ஊசி எதற்கு, போட்ட பின் காய்ச்சலோ மயக்கமோ வந்தால் யாரை அழைப்பது, போட்டுக்கொண்டாலும் 30 வயதுக்குப் பின் பரிசோதனை ஏன் வேண்டும் என்பதைத் தமிழிலும், பழங்குடிப் பகுதிகளில் அவர்கள் பேசும் மொழியிலும் சொல்ல வேண்டும். கூலி போகாதபடி ஞாயிற்றுக்கிழமையில் கூட்டத்தை வைக்கச் சொல்லிக் கேட்போம். மருத்துவம் பயிலும் நம் மாணவர்கள் அங்கே போய்ப் பேச வேண்டும். அவர்களைவிட நம்பத்தகுந்த குரல் வேறில்லை.

புதிய ஆய்வு ஒன்று நம் பகுதிக்கு வந்தால் கேட்க வேண்டியவை வேறு. இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் இதன் எண் என்ன? நெறிமுறைக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள்? ஒப்பீட்டுக் குழுவுக்கு என்ன தருகிறீர்கள்? ஆய்வு வெற்றி பெற்றால் அந்தச் சிகிச்சை எங்கள் ஊருக்கு எப்போது, என்ன விலையில் வரும்? இடையில் விலகினால் எங்கள் வழக்கமான சிகிச்சை நிற்குமா? அரசு நிறுவனங்களிடம் இவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதியே கேட்கலாம்.

படிவத்தில் பெற்றோர் கையெழுத்துக்கென ஓர் இடம் விடப்பட்டிருக்கும். அந்த இடத்தில் பெற்றோர் மட்டுமே கையெழுத்திட வேண்டும். அதற்கு முன் அவர்களுக்கு அது வாசித்துக் காட்டப்பட்டிருக்க வேண்டும். அடுத்த முறை விடுதிக்குப் போகும்போது அந்தப் படிவத்தைக் கேட்டு வாங்கிப் பார்ப்போம்.